கல்யாண சீசனில் லைட்ரூம் கிளாசிக்: மேசைக் கணினியில் எங்கே சிக்குகிறது?

இரண்டு கமராவோடு ஒரு கல்யாணம் எடுத்தால் மூவாயிரம் ரோ கோப்புகள் (கமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படங்கள்) சாதாரணம். பொன்னுருக்கலில் தொடங்கி வரவேற்பு வரை எல்லாம் எடுத்தால் ஐயாயிரமும் தாண்டும். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல ஸ்டூடியோக்களில் இந்தக் குவியல் போய் விழும் இடம் அடோபி லைட்ரூம் கிளாசிக் என்ற படத் திருத்த மென்பொருள். அதைப் பற்றி எழும் முறைப்பாடு ஒன்றேதான்: "ஊருது."

முறைப்பாட்டில் பொய்யில்லை. 2007இல் முதற்பதிப்பு வந்த மென்பொருள் இது. ஆயிரக்கணக்கான படங்களை ஒரே இடத்தில் கட்டி மேய்ப்பதில் இன்றும் கெட்டிக்காரன். குறை எங்கே என்றால், நிறுவியவுடன் அது இருக்கும் நிலையில். அந்த அமைப்புகள் வார இறுதியில் ஐம்பது படம் திருத்துபவருக்குப் போதும், மூவாயிரத்துக்குத் தாங்காது. அப்படியே பாவித்துப் பொறுமை இழந்து, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி ஒரு கிராஃபிக்ஸ் கார்டோடு இறங்குகிறார்கள். கார்ட் சில வேலைகளை மட்டுமே வேகமாக்கும். சிக்கல் வேறிடத்தில் இருந்தால் கார்டின் காற்றாடி அழகாகச் சுற்றும், படம் பழைய வேகத்திலேயே திறக்கும்.

முதலில் எது மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வழமையான வேலையைச் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்க சிபியூ 15 சதவீதத்தில் சும்மா இருந்தால், பிரச்சினை ஹார்ட் டிஸ்கில். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் விண்டோஸ் மீதியை டிஸ்கில் எழுதி எழுதிச் சமாளிக்கிறது. அப்போது எல்லாமே மெதுவாகும். சிபியூ முழுக்க ஓடியும் அதன் வேகம் 2 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்து கிடந்தால் சூடு. ஜிபியூவை (கிராஃபிக்ஸ் கார்டின் சில்லை) பார்க்கும்போது ஒரு கவனம்: முதலில் தெரியும் '3டி' வரைபடம் முழுக்கதையையும் சொல்லாது. அந்தப் பெயரின் மேல் அழுத்தி 'கம்ப்யூட்' வரைபடத்தையும் பாருங்கள். கீழே ஜிபியூவுக்கென்று உள்ள நினைவகம் நிரம்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

காசில்லாமல் கிடைக்கும் வேகம்

அதிக நேரம் வீணாவது படம் தெரிவு செய்யும்போதுதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் பழக்கம். படங்களை டெவலப் (திருத்தும்) பகுதியில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால், லைட்ரூம் ஒவ்வொரு ரோ கோப்பையும் புதிதாகத் திறந்து, நிறம் கட்டி, லென்ஸ் கோணல் நிமிர்த்தித் திரையில் போட வேண்டும். தெரிவுக்கு அது ஒன்றும் தேவையில்லை. லைப்ரரி பகுதியில் 'இ' விசையை அழுத்தி லூப் பார்வையில் பாருங்கள். அங்கே ஏற்கனவே செய்து வைத்த முன்னோட்டப் படம் மட்டுமே திறக்கும். கேப்ஸ் லொக் போட்டு வைத்தால் 'பி' (எடு) அல்லது 'எக்ஸ்' (கழி) அழுத்தியதும் அடுத்த படத்துக்குத் தானாகப் போகும்.

முன்னோட்டத்தை எப்போது, எந்த அளவில் செய்வது என்பதையும் இறக்குமதித் திரையிலேயே தீர்மானித்துவிடுங்கள். பில்ட் பிரிவியூஸ் என்ற இடத்தில் 'எம்பெடட் அண்ட் சைட்கார்' போட்டால், கமரா தானே ரோ கோப்புக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஜேபெக் படத்தை லைட்ரூம் எடுத்துக் காட்டும். கொப்பி முடியும்போதே தெரிவைத் தொடங்கலாம். கெனன், நைகோன் கோப்புகளில் இந்த ஜேபெக் முழு அளவில் இருக்கும். பெரிதாக்கிக் கண்ணின் கூர்மையைச் சரி பார்க்கலாம். சோனியின் பழைய கமரா உடல்களில் அது 1616க்கு 1080 பிக்சல்தான். அதில் குழுப் படத்தில் யார் கண் மூடியிருக்கிறார் என்று தெரியும், ஃபோகஸ் பிடித்ததா என்று தெரியாது. சோனிக்காரர்கள் 'ஸ்டாண்டர்ட்' போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது நல்லது.

மூவாயிரத்துக்கும் 1:1 (முழு அளவு) முன்னோட்டம் கட்ட வேண்டாம். கழிக்கப்போகும் இரண்டாயிரம் படத்துக்கு ஏன் கணினியை வேக வைக்க வேண்டும்? தெரிவு முடிந்து, கன்ட்ரோலும் பேக்ஸ்பேஸும் சேர்த்து அழுத்திக் கழித்தவற்றை நீக்கிய பிறகு, மிஞ்சிய எண்ணூறுக்குக் கட்டுங்கள். கேட்டலொக் (படங்களின் விவரமும் திருத்தங்களும் பதியும் கோப்பு) செட்டிங்ஸில் 1:1 முன்னோட்டங்களை 30 நாளில் அழிக்கச் சொல்லி வையுங்கள். 'நெவர்' என்று விட்டால் சி டிரைவ் எப்போது நிரம்பியது என்றே தெரியாது. டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது அடோபியின் பரிந்துரை.

அடுத்து கமரா ரோ கேஷ், டெவலப்பில் திறந்த படங்களின் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம். எடிட், பிரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் என்று போனால் அதன் உச்ச அளவு 5 ஜிபி என்றிருக்கும். ஒரு கல்யாணத்தில் பாதியிலேயே அது நிரம்பி, புதியதை வைக்கப் பழையதைத் தூக்கி எறியும். 30 ஜிபி கொடுங்கள், வேகமான எஸ்எஸ்டியில் கொடுங்கள். டெவலப் பகுதியில் முன்பு பார்த்த படத்துக்குத் திரும்பும்போது வித்தியாசம் தெரியும். முதல் தடவை திறக்கும் படத்துக்கு இதால் பயனில்லை.

அதே பக்கத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறது: மூலப் படத்துக்குப் பதிலாக ஸ்மார்ட் பிரிவியூவைத் திருத்தப் பாவி என்பது. பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. ஸ்மார்ட் பிரிவியூ என்பது நீளப்பக்கம் 2560 பிக்சல் உள்ள சிறிய டிஎன்ஜி (அடோபியின் ரோ கோப்பு வகை). 24 மெகாபிக்சல் படம் அதில் சுமார் 4.4 மெகாபிக்சலாகிறது, ஒவ்வொரு தடவை ஸ்லைடரை இழுக்கும்போதும் கணினி செய்யும் வேலை ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கும். வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, நிறம் எல்லாவற்றையும் அதிலேயே முடிக்கலாம். மூலக் கோப்புகள் இருக்கும் டிரைவ் இணைந்திருந்தால் ஏற்றுமதி மூலத்திலிருந்தே நடக்கும். இதில் செய்யக்கூடாதது ஒன்றுண்டு: ஷார்ப்பனிங்கையும் (கூர்மையாக்கல்) நொய்ஸையும் (இருட்டுப் படத்தில் வரும் மணற்புள்ளிகள்) இந்தச் சின்னப் படத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். மணப்பெண்ணின் முகத்தை மெழுகுச் சிலையாக்கிவிட்டு ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான் தெரியவரும்.

கேட்டலொக் இருக்கும் இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. லைட்ரூம் அதைப் 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள் உருவாக்கும். விண்டோஸ் 11 பல கணினிகளில் அந்த 'பிக்சர்ஸ்' ஃபோல்டரையே ஒன்டிரைவுக்குள் தூக்கிப் போட்டு வைத்திருக்கும். விளைவு என்ன? நீங்கள் ஒரு ஸ்லைடரை இழுக்க இழுக்க, ஒன்டிரைவ் அந்தக் கேட்டலொக்கையும் பல ஆயிரம் சிறு முன்னோட்டக் கோப்புகளையும் மேகத்துக்கு ஏற்றப் பார்க்கும். இலவச 5 ஜிபி ஒரே நாளில் நிரம்பும், பிறகு கோப்புப் பூட்டிக்கிடக்கிறது என்று பிழைச் செய்தி வரும். லைட்ரூமை மூடிவிட்டுக் கேட்டலொக் ஃபோல்டர் முழுவதையும் எஸ்எஸ்டியில் ஒன்டிரைவுக்கு வெளியே ஒரு தனி ஃபோல்டருக்கு மாற்றுங்கள். அங்கே 'எல்ஆர்கேட்' கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறங்கள்.

மாற்றும்போது 'எல்ஆர்கேட்-டேட்டா' என்று முடியும் பக்கத்துக் கோப்பை விட்டுவிடாதீர்கள். ஏஐ மாஸ்குகள் (ஆள், வானம் என்று ஏஐ தானே பிரித்த பகுதிகள்) அதற்குள்தான் இருக்கின்றன. மின்சாரம் போய்க் கணினி அணைந்த பிறகு 'வால்' என்று முடியும் ஒரு கோப்பு மிஞ்சிக் கிடக்கலாம். அது குப்பையல்ல, இன்னும் கேட்டலொக்கில் சேராத கடைசித் திருத்தங்கள் அதில் இருக்கும். லைட்ரூமைத் திறந்தால் தானே சேர்த்துக்கொள்ளும். 'லொக்' என்று முடிவதை மட்டும், லைட்ரூம் மூடியிருக்கும்போது, நீக்கலாம்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கேட்டலொக் என்று உடைப்பவர்கள் உண்டு. வேகத்துக்காகச் செய்வதென்றால் வீண். ஆண்டுக்கு ஒன்று போதும். மாதம் ஒரு தடவை ஃபைல் மெனுவில் ஒப்டிமைஸ் கேட்டலொக் ஓட விடுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியின் வைரஸ் தேடலில் கேட்டலொக் ஃபோல்டரையும் கேஷ் ஃபோல்டரையும் விதிவிலக்காகச் சேர்ப்பது, கேட்டலொக் செட்டிங்ஸில் மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பி என்ற பக்கத்துக் கோப்பில் எழுதும் பெட்டியை எடுத்துவிடுவது, மேல் இடது மூலையில் முகத் தேடலையும் முகவரித் தேடலையும் நிறுத்துவது: மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். ரோ கோப்புகள் ஹார்ட் டிஸ்கில் இருப்பவர்களுக்கு எக்ஸ்எம்பி நிறுத்தம் தனியாகவே உணரக்கூடியது.

திருத்தும் ஒழுங்கும் பிரிசெட்டும்

ஒரே படத்தில் ஒரே திருத்தங்களைச் செய்தாலும் எதை முதலில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். அடோபி சொல்லும் ஒழுங்கு இது: முதலில் புள்ளி, பரு நீக்கல், பிறகு லென்ஸ், கோணல் திருத்தங்கள், பிறகு வெளிச்சமும் நிறமும், பிறகு தூரிகை, கிரேடியன்ட் போன்ற பகுதித் திருத்தங்கள், கடைசியில் ஷார்ப்பனிங், வழமையான நொய்ஸ் குறைப்பு. மாஸ்க் எல்லாம் போட்டுவிட்டுப் பிறகு முகத்தில் முப்பது இடத்தில் ஹீல் (பரு நீக்கும் கருவி) அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் மற்றவை எல்லாம் மறுபடி கணக்கிடப்படும். முப்பது இடத்துக்கு மேல் ஹீல் தேவைப்படும் முகம் ஃபோட்டோஷொப்புக்குப் போக வேண்டிய முகம்.

ஏஐ டீனொய்ஸ் (ஏஐயால் நொய்ஸ் நீக்குவது) இந்த ஒழுங்குக்கு விலக்கு. அதை மாஸ்க்குக்கும் ஹீலுக்கும் முன்பே செய்ய வேண்டும். கோயில் மண்டபத்துக்குள், ஓமப் புகைக்குள், 6400 ஐஎஸ்ஓவில் எடுத்த தாலி கட்டும் படத்துக்கு இது வரப்பிரசாதம். 2023 ஏப்ரலில் 12.3 பதிப்பில் வந்தது. லைட்ரூம் செய்யும் வேலைகளில் கிராஃபிக்ஸ் கார்டை முழுதாக நம்பியிருப்பது இதுதான். டென்சர் கோர் (ஏஐ கணக்குக்கான பகுதி) உள்ள என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டில் ஒரு படத்துக்குச் சில வினாடிகள்; சிபியூவோடு வரும் உள் கிராஃபிக்ஸில் அதே படத்துக்குப் பல நிமிடங்கள். எண்ணூறு படத்துக்கும் ஒரேயடியாகப் போட்டால் கார்ட் இல்லாத கணினி மறுநாள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். இருட்டில் எடுத்த நூறை மட்டும் வடிகட்டிப் போடுங்கள். ஆரம்பப் பதிப்புகளில் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு பெரிய டிஎன்ஜி உருவாகி டிஸ்கை நிரப்பும். 2025 நடுப்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து அது இல்லாமல் மூலத்திலேயே செய்யலாம். இன்னும் பழைய பதிப்பில் இருப்பவர்களுக்குப் புதுப்பிக்க இது ஒன்றே போதுமான காரணம்.

இணையத்தில் விற்கும் பிரிசெட்டுகள் (ஒரே சொடுக்கில் போடும் தயார்த் திருத்தங்கள்) பற்றியும் ஒரு வார்த்தை. பலவற்றில் வானம், ஆள், தோல் என்று ஏஐ மாஸ்க் மூன்று நான்கு புதைந்திருக்கும். ஒரு படத்தில் போடும்போது இரண்டு வினாடிதான். எண்ணூறுக்கு ஒட்டும்போது எண்ணூறு தடவை ஆளைத் தேடி, எண்ணூறு தடவை எல்லை கீறி, ஏற்றுமதியிலும் அதற்கான நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பிரிசெட் போட்டதும் மாஸ்க் பலகத்தைத் திறந்து பாருங்கள். தேவையில்லாததை அழித்துவிட்டு, மிஞ்சியதைப் புதிய பிரிசெட்டாகச் சேமியுங்கள்.

திரையும் வேகத்தைத் தின்னும். 4கே திரையில் 83 இலட்சம் பிக்சல், 1080 திரையில் 21 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு மடங்கு. பழைய கணினிக்கு 4கே திரை வாங்கிய பிறகுதான் பலருக்கு "திடீரென" மெதுவாகும். இரண்டாம் திரையில் லூப் பார்வை திறந்து வைப்பதும் அதே செலவுதான்.

கடைக்குப் போவதென்றால்

இனி பொருள். விலை டொலரோடு ஆடுவதால் தொகை சொல்லிப் பயனில்லை. எந்த வரிசையில் செலவழிப்பது என்று சொல்லலாம்.

இன்னும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸும் கேட்டலொக்கும் ஓடினால் முதல் காசு எஸ்எஸ்டிக்கு. ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 150 முதல் 200 எம்பி, சாட்டா (கேபிளில் இணையும்) எஸ்எஸ்டி 550 அளவு, ஜென் 3 என்விஎம்இ (போர்டிலேயே குத்தும் எஸ்எஸ்டி) 3500 அளவு. இந்த எண்களைவிட முக்கியம், முன்னோட்டங்கள் போன்ற ஆயிரம் சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும்போது ஹார்ட் டிஸ்கின் ஊசி அங்குமிங்கும் ஓடி நேரம் தின்பது. எஸ்எஸ்டியில் அந்த ஓட்டம் இல்லை. ஜென் 3 இலிருந்து ஜென் 4 க்குப் போவதால் லைட்ரூமில் உணரத்தக்க மாற்றம் கிடையாது. அந்த வித்தியாசக் காசில் கொள்ளளவைக் கூட்டுங்கள். 1 டெராபைட் நியாயமானது. கேட்கும்போது டிஎல்சியா கியூஎல்சியா (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நினைவகச் சில்லின் வகை) என்று கேளுங்கள். கியூஎல்சி, நூறு ஜிபி ஒரேயடியாகக் கொப்பி செய்யும்போது நடுவழியில் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கக்கூடும். எச்61, எச்81 காலத்துப் பழைய போர்டில் எம்.2 துளை (என்விஎம்இ குத்தும் இடம்) இருக்காது. பிசிஐஇ அடாப்டர் போட்டால் டேட்டா டிரைவாக வேலை செய்யும், விண்டோஸ் அதிலிருந்து தொடங்காமல் போகலாம். அந்தக் கணினிக்குச் சாட்டா எஸ்எஸ்டியே போதும். சில புதிய போர்டுகளில் இரண்டாம் எம்.2 துளையில் டிரைவ் போட்டால் இரண்டு சாட்டா இணைப்புகள் செத்துவிடும். ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது என்று பதறுமுன் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

இரண்டாவது ரேம். 16 ஜிபியில் லைட்ரூம் தனியாக ஓடும். ஃபோட்டோஷொப்பும் பத்து டேப் கொண்ட குரோமும் கூடச் சேர்ந்தால் திணறும். 32 ஜிபி வசதி. ஒரே 32 துண்டு வேண்டாம், இரண்டு 16 துண்டு வாங்குங்கள். நான்கு துளை உள்ள போர்டில் பெரும்பாலும் சிபியூவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பிறகு பயோஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்குங்கள் (இது வேறு எக்ஸ்எம்பி, படத்தின் பக்கத்துக் கோப்பல்ல). செய்யாவிட்டால் 3200 என்று பெட்டியில் அச்சடித்த டிடிஆர்4 ரேம் 2133 அல்லது 2400இல் நடந்துகொண்டிருக்கும். கடையில் கட்டித் தந்த கணினிகளிலும் இதைக் காணலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் எழுதியிருக்கும்.

மூன்றாவதாகத்தான் கார்ட். லைட்ரூமுக்கு முழு ஜிபியூ உதவி கிடைக்க 8 ஜிபி நினைவகம் வேண்டும் என்கிறது அடோபி. ஆர்டிஎக்ஸ் 3060 இன் 12 ஜிபி வகையோ ஆர்டிஎக்ஸ் 4060 ஓ தாராளம். இரண்டுக்கும் என்விடியா சொல்லும் பவர் சப்ளை 550 வொட். ஜிடி 710, ஜிடி 730 போன்றவற்றைக் 'கார்ட் போட்டிருக்கு' என்று சொல்லி விற்பார்கள். திரையில் படம் வரவைப்பதற்கு மேல் அவற்றால் லைட்ரூமுக்கு ஒரு பலனும் இல்லை.

அலுவலகங்களில் கழித்த பிராண்ட் கணினிகளைப் பாவித்த விலையில் வாங்கியவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. சிறிய பெட்டி, 240 வொட் அளவில் பவர் சப்ளை, இணைப்பும் அந்தக் கம்பனிக்கே உரியது. அதற்குள் 3060 போகாது, போனாலும் மின்சாரம் போதாது. ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை 70 வொட்டில் ஓடும், தனி மின் இணைப்பு வேண்டாம், டென்சர் கோரும் உண்டு. அதன் குட்டை வடிவம் கிடைத்தால் இந்தப் பெட்டிகளுக்கு அதுதான் மாப்பிள்ளை. 8 ஜிபி வகையும் அதே பெயரில் வருகிறது. அதற்கு மின் இணைப்பு வேண்டும். பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

பாவித்த கார்ட் வாங்கினால் கடையிலேயே ஜிபியூ-இசட் என்ற சிறிய மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள். பெயர் மாற்றி ஒட்டிய போலிக் கார்டாக இருந்தால் அது பெயருக்கு முன்னே போலி என்றே காட்டும். பிறகு இருபது நிமிடம் சுமை கொடுத்து வெப்பத்தையும் காற்றாடிச் சத்தத்தையும் கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் 'பார்த்தாச்சு' என்று எடுப்பவரிடம் வாங்க வேண்டாம். பாவித்த இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்தரச் சிபியூக்களிலும் இதே எச்சரிக்கை. அதிக மின்னழுத்தத்தால் சில துண்டுகள் நிரந்தரமாகப் பழுதடைந்ததை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024இல் மைக்ரோகோட் (சிபியூவின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு, பெட்டியில் வந்தவற்றுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. பயோஸைப் புதுப்பித்தால் பழுது இனி வராது, வந்த பழுது போகாது. ஏற்றுமதியின் நடுவே லைட்ரூம் சொல்லாமல் மூடிக்கொள்வது அதன் அறிகுறிகளில் ஒன்று.

கார்ட் போட்ட பிறகு என்விடியாவின் ஸ்டூடியோ டிரைவரை நிறுவுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிராஃபிக்ஸ் புரொசஸரைக் 'கஸ்டம்' ஆக்கி, காட்சிக்கும், படச் செயலாக்கத்துக்கும், ஏற்றுமதிக்கும் என மூன்றையும் தெரிவு செய்யுங்கள். ஏற்றுமதிக்கான உதவி 2022இல் 11.4 பதிப்போடு வந்தது. படத்தில் கறுப்புச் சதுரங்கள் தெரிந்தால் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். மறைந்தால் டிரைவர்தான் குற்றவாளி. மறையாவிட்டால் ஆல்ட், ஷிஃப்ட் அழுத்தியபடி லைட்ரூமைத் திறந்து பிரிஃபரன்சஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரலாம்.

கார்ட் ரீடரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. யூஎஸ்பி 2.0 ரீடர் வினாடிக்கு 35 எம்பி கொடுத்தால் 64 ஜிபி இறங்க அரை மணி நேரம். அதே மெமரி கார்டை யூஎஸ்பி 3 ரீடரில் 90 எம்பி வேகத்தில் இறக்கினால் 12 நிமிடம். யூஎச்எஸ்-2 என்ற வேகமான வகைக் கார்டும் ரீடரும் இருந்தால் நான்கைந்து நிமிடம். நல்ல ரீடரை வாங்கிப் பெட்டியின் முன்பக்கக் கறுப்புத் துளையில் குத்தினால் பழையபடி அரை மணிதான். பின்பக்க நீலத் துளையில் குத்துங்கள்.

சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது கொழும்பு என்பதால். குளிரூட்டி இல்லாத அறையில் பகலில் 31, 32 பாகை. அதற்கு மேல்தான் சிபியூவின் சூடு ஏறத் தொடங்கும். 100 பாகையைத் தொட்டால் இன்டெல் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். முன்னோட்டம் கட்டத் தொடங்கிய முதல் இரண்டு நிமிடம் வேகம், பிறகு தவழல் என்றால் இதுதான். பெட்டியோடு வந்த குட்டிக் காற்றாடியை மாற்றி ஒரு கோபுரக் கூலர், இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை தெர்மல் பேஸ்ட், மாதம் ஒரு தடவை தூசி. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேரும். ரேமின் தங்க முனைகள் மங்கி, கணினி பீப் அடித்து நின்றால், கழற்றி வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் போட்டுப் பாருங்கள். பாதிப் பழுது அத்தோடு தீரும்.

யூபிஎஸ் வேகம் தராது. ஆனால் கேட்டலொக் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கேட்டலொக் கெடலாம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் முழு நாடும் இருண்டது நினைவிருக்கும். சாதாரண 650 விஏ யூபிஎஸ் சுமார் 360 வொட் தாங்கும். திருத்தும் கணினிக்கும் ஒரு திரைக்கும் சேமித்து மூட அது போதும். டீனொய்ஸ் ஓடும்போது கார்ட் மட்டும் 170 வொட் இழுக்கும் என்பதால் பெரிய கார்ட் உள்ளவர்கள் 1000 விஏக்கு மேல் பாருங்கள்.

ஏற்றுமதியும் ஆல்பமும்

ஏற்றுமதியில் ஜேபெக் தரம் 100 என்று போடுவது வழக்கமாகிவிட்டது. லைட்ரூமின் 0 முதல் 100 வரையான அளவுகோலில் உண்மையில் 13 படிகள்தான். 93 போட்டாலும் 100 போட்டாலும் அதே கோப்பு. 85 முதல் 92 வரை இன்னொரு படி. அச்சுக்கு அது போதும், கோப்பு கணிசமாகச் சிறுக்கும். வட்ஸ்அப்பில் பகிர நீளப்பக்கம் 2048, தரம் 80. ஏற்றுமதியை நேரே வெளி ஹார்ட் டிஸ்குக்கோ பென் டிரைவுக்கோ எழுதாமல் முதலில் எஸ்எஸ்டியில் எழுதி, பிறகு கொப்பி செய்யுங்கள்.

ஆல்பம் வடிவமைக்கும்போது சிக்குவது ஃபோட்டோஷொப். 12க்கு 36 அங்குலப் பக்கம் 300 டிபிஐயில் 10800க்கு 3600 பிக்சல். முழுப் பக்கத்தையும் நிரப்பும் ஒரு லேயரே 8 பிட்டில் சுமார் 117 எம்பி, 16 பிட்டில் அதன் இரட்டை. பதினைந்து லேயர் போட்டால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். நிறத் திருத்தம் லைட்ரூமில் முடிந்திருப்பதால் ஆல்பத்தை 8 பிட்டிலேயே செய்யலாம். பிரிஃபரன்சஸில் ஃபோட்டோஷொப் இயல்பாக ரேமில் 70 சதவீதம் எடுக்கும். லைட்ரூமும் திறந்திருந்தால் 60க்குக் குறையுங்கள். ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் (பின்னோக்கிப் போகக்கூடிய படிகள்) 50 இலிருந்து 20. ஸ்கிராட்ச் டிஸ்க் (ரேம் போதாதபோது எழுதும் இடம்) என்விஎம்இயில், குறைந்தது 100 ஜிபி காலி இடத்தோடு. ஒரே கோப்பில் முப்பது பக்கத்தையும் ஆர்ட்போர்டாக அடுக்குவதை நிறுத்தி, பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்தால் மேலே சொன்ன எதையும் செய்யாமலே பாதிச் சிக்கல் தீரும்.

தெரிவு மட்டும்தான் தலையிடி என்றால் ஃபோட்டோ மெக்கானிக் என்ற மென்பொருள் அந்த ஒரு வேலையில் லைட்ரூமை எளிதாக முந்தும். சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு டார்க்டேபிள் இலவசம், கார்டையும் பாவிக்கும். பழக ஒரு மாதம் எடுக்கும், கேட்டலொக் ஒழுங்கில் லைட்ரூமுக்கு ஈடில்லை.

சந்தாவில் 20 ஜிபி கொண்ட பழைய மலிவுத் திட்டம் 2025 ஜனவரி 15க்குப் பிறகு புதியவர்களுக்கு இல்லை. 1 டெராபைட் திட்டம் அமெரிக்க விலையில் மாதம் 19.99 டொலர், இரண்டு கணினிகளில் பாவிக்கலாம். சந்தா நின்றாலும் லைப்ரரி திறக்கும், ஏற்றுமதியும் செய்யலாம், டெவலப் பூட்டிக்கொள்ளும். ஆடியில் கல்யாணம் இல்லை, நிறுத்திவிட்டு ஆவணியில் தொடங்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாதாமாதம் கட்டும் ஆண்டு ஒப்பந்தத்தை முதல் 14 நாளுக்குப் பிறகு முறித்தால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியை அடோபி பிடித்துக்கொள்ளும்.